ஊதாக் கட்டம்

எட்டு வயதில் எனக்கு ஒரு ஜென்ம விரோதி இருந்தாள். வேறு யாருமில்லை, அம்மாவின் சொந்தத் தங்கை, என் சித்தி. கழுத்தில் புற்று என்று திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் உட்கார்ந்து, ராயபுரத்தில் எங்கள் கருப்பட்டிக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புற்றைக் கருக்கக் கரண்ட் வைக்கிற மெஷின் அவள் ஊர்ப்பக்கம் எங்கும் கிடையாது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது; தர்மத்துக்கு வைத்தார்கள். கைப்பிள்ளையைக்கூட மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

வந்த அன்றே அம்மாவின் பக்கத்தில் நான் படுக்கிற இடம் போயிற்று. அடுத்து என் வெள்ளி டம்ளர் போயிற்று. ஆரஞ்சுப் பழம், முட்டை, பாதாம் போட்ட பால் எல்லாம் சித்திக்கு. போதாததற்கு தினமும் காலையில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு ரிக்‌ஷா சவாரி. நான் பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடக்க வேண்டும். வயிறு எரிந்தது எனக்கு.

அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். அந்த ஊதாக் கட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கரண்ட் எங்கே விழ வேண்டும் என்று அடையாளத்துக்காக ஆஸ்பத்திரியில் அவள் கழுத்தில் ஊதா மையால் கட்டம் போட்டு, அழியக் கூடாது, தண்ணீரே படக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஈரத்துணியால் கட்டத்தைச் சுற்றி வலிக்காமல் துடைத்துவிடுவாள். என்னைக் குளிப்பாட்டும்போதோ நறுக்கென்று ஒரு குட்டு, கண்ணெல்லாம் சீயக்காய்!

ஒருநாள் கடையிலிருந்து, ஈரம் பட்டால் ஊதாவாக எழுதுகிற காப்பிப் பென்சிலை எடுத்து, எச்சில் தொட்டு, கண்ணாடியைப் பார்த்து என் கழுத்திலும் கட்டம் போட்டேன். சித்தியுடையதைவிடப் பெரிசாகவே. நேரே போய் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாப்பா, கய்த்துல இன்னா கீது? நீயும் கரண்டு வெச்சிக்கப் போறியா?"

வெளியே வந்த அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். அதற்குமுன் அம்மா என்னை அப்படி அடித்ததே இல்லை. சித்திதான் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தேங்காயெண்ணெய் தொட்டு, முந்தானையால் தேய்த்துத் தேய்த்து அழித்தாள்.

"இது உனக்கு வேண்டாம் பிள்ள. வேற எது வேணும்னாலும் கேளு, தாரேன்."

கருமி! ஆரஞ்சில் பாதியை எப்போதும் எனக்கென்று எடுத்துவைப்பவள், ஒரு கட்டத்தைப் பங்கு தர மாட்டாளாம்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். "இனி வர வேண்டாம்னுட்டாவ பிள்ள. தலைக்கு ஊத்திக்கலாமாம், ஊருக்குப் போவலாமாம்" என்றாள் சித்தி. அம்மா வெந்நீர் போட்டாள். கண் சிவந்திருந்தது, விறகுப் புகை என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டத்தை அழிக்கலாம் என்றால் சீக்கு தீர்ந்தது என்றுதான் எனக்குத் தெரியும். இனிக் கரண்ட் வைத்துப் பிரயோஜனமில்லை என்றாலும் அதையேதான் சொல்லி அனுப்புவார்கள் என்பது தெரியாது. ஓடிப்போய் அம்மாவின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி, கட்டத்தின் மேலேயே ஊற்றினேன்.

"நல்லா ஊத்து பிள்ள" என்றாள் சித்தி.

ஊற்றினேன், என் இடம் எனக்குத் திரும்பி வருகிற சந்தோஷத்தில், ஊதா முழுக்கக் கரைகிறவரை.