எண்ணெய் பட்ட இருபத்து நான்கு ஓட்டுகள்

2023 மே 22: தேர்தல் அலுவலர் மதிப்பூதியம், ரூ. 2,000
2023 ஜூன் 30: ஓட்டுச்சீட்டு அச்சு, முப்பது, ரூ. 180
2023 ஜூலை 7: உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பெட்டி, ஒன்று, ரூ. 340
2023 ஜூலை 16: எண்ணெய்த் தேய்ப்பு, 24 பேர், தலைக்கு 300, ரூ. 7,200
2023 ஜூலை 16: பழைய பேப்பர், 3 கிலோ, ரூ. 60

தென்காசி குமரகுருவுக்கு அப்போது வயது அறுபத்தேழு. கூட்டுறவுத் துறையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து, முதுநிலை ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். பால் சங்கம், நெசவாளர் சங்கம், ஓய்வுக்குப் பிறகு புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர்கள் சங்கம் என்று அறுபத்து மூன்று தேர்தல் நடத்தியிருந்தார். சங்கத் தேர்தலில் நாற்காலி பறக்காமல் இருப்பதே அபூர்வம். இவர் நடத்திய எதன்மீதும் ஒரு முறையீடுகூட வந்ததில்லை. அதற்கென்று ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். 'முறையீடு' என்ற கடைசிக் கட்டத்தில் அறுபத்து மூன்று வரியிலும் 'இல்லை' என்றுதான் இருக்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் நோட்டு வரும்.

அறுபத்து நான்காவது தேர்தல் பெரிய இடத்திலிருந்து வந்தது. மலை ஏறுவது, காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது, ஆற்றில் படகு விடுவது என்று வெளியில் சுற்றும் சங்கங்களுக்கெல்லாம் தாய்ச் சங்கம் ஒன்று உண்டு, அகில இந்திய மலைநடைச் சம்மேளனம். அதன் தலைவருக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகி, மாடிப்படியே மலையாகிவிட்டதால் விலகிக்கொண்டார். புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்க இருபத்து நான்கு பிரதிநிதிகள் எங்கே கூடலாம் என்று கேட்டபோது, ஜூலை மாதம் என்றதும் எல்லாரும் குற்றாலம் என்றார்கள். போட்டி இருவருக்குள். ஒருவர் பாவூர்சத்திரத்தில் பிறந்து கோயம்புத்தூரில் இருக்கும் ஜெபமலர், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. மற்றவர் புனேக்காரர் ஜோக்ளேகர்.

ஏற்பாடு முழுக்க உள்ளூர் மலைநடைச் சங்கச் செயலாளர் முப்பிடாதி, ஓய்வு பெற்ற எஸ்.ஐ. குமரகுருவை அழைத்ததும் அவர்தான்.

"ஒம்பதரைக்கு எண்ணெய் தேய்ப்பு, பத்தேகாலுக்கு அருவி, பதினொண்ணுக்கு ஓட்டு. எப்படி அண்ணாச்சி?"

"விதியில பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைதான் ஓட்டு. தவறினா அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து மறுபடி கூட்டணும்."

"அருவி என்ன ஓடியா போயிரும்?"

அருவி ஓடவில்லை, பெருகிவிட்டது. மேலே மலையில் நல்ல மழை. இருபத்து நான்கு பேரும் தலை முதல் கால்வரை எண்ணெயோடு பேரருவிப் பக்கம் போய்ச் சேரும்போது வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதியது. போலீசார் எல்லாரையும் வெளியேற்றினார்கள். ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. லாட்ஜுக்குத் திரும்பினால், மானேஜர் வாசலில் நின்று போர்டைக் காட்டினார். எண்ணெயோடு அறைக்குப் போகக் கூடாது. கீழே சிமெண்டுத் தரை போட்ட கூடத்தில் வேண்டுமானால் உட்காரலாம்.

மணி பத்து ஐம்பது. துண்டு கட்டிய அகில இந்தியா கூடத்தில் வழுக்கி வழுக்கி நடந்தது.

குமரகுரு மூன்று கிலோ பழைய பேப்பர் வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொருவரையும் கை துடைக்க வைத்தார். எண்ணெய் தேய்த்த ஆட்களில் ஒருவரான குத்தாலிங்கம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், என் எண்ணெய் பேப்பருக்கெல்லாம் போவாது. சீயக்காய் வேணும்."

"நீங்க சும்மா இருங்க."

சரியாகப் பதினொன்றுக்கு ஓட்டுப்பதிவு தொடங்கியது. பெட்டியில் தில்லுமுல்லு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே குமரகுரு எப்போதும் உள்ளே தெரியும் பெட்டிதான் வைப்பார். முதல் சீட்டு இரண்டாக மடிந்து உள்ளே விழுந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியது. எண்ணெய் ஊறியது. வடை பொட்டலத் தாள் மாதிரி சீட்டு பளபளத்து, உள்ளே போட்ட பேனா அடையாளம் வெளியே தெரிந்தது. போட்டவரோ இன்னும் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

முந்தின நாள் ஜோக்ளேகரைக் கட்டிப்பிடித்து வாக்குக் கொடுத்தவர்களின் சீட்டுகள் ஜெபமலர் பெயரில் அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஜெபமலருக்குச் சத்தியம் செய்தவர்களின் சீட்டுகள் புனேவுக்குப் போயிருந்தன. கூடத்தில் இந்தியும் மராத்தியும் கிளம்பின.

"சார், எண்ணவே வேண்டாம். எனக்குப் பதிமூணு," என்றார் ஜெபமலர்.

எண்ணியபோதும் பதிமூன்று. ஜோக்ளேகருக்குப் பதினொன்று. அவர் சிரித்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளிலும் எண்ணெய்.

அன்று மாலை குமரகுரு நோட்டைத் திறந்து வைத்து, அறுபத்து நான்காம் வரியின் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி உமா மகேஸ்வரி கேட்டார்.

"இல்லைன்னு எழுத இவ்வளவு நேரமா?"

"ரகசிய ஓட்டுன்னு விதி. ரகசியம் எங்க இருந்தது?"

முப்பிடாதி அங்கேயே இருந்தார். "யாருமே குறை சொல்லல அண்ணாச்சி. தோத்தவரே கையெழுத்துப் போட்டுட்டாரு. நம்ம பாவூர்சத்திரத்துப் பொம்பளை ஜெயிச்சிருக்கா. நீங்க எதுக்குக் கெடந்து பொலம்புதீய?"

"பின்னால நின்ன ஆளு, முன்னால உள்ள சீட்டப் பாத்துட்டுத்தானே போட்டான்."

"அப்ப யாரு மேல முறையீடு?"

"என் மேலதான்."

"போலீஸ்ல முப்பத்தாறு வருசம் இருந்திருக்கேன். தன் மேல தானே புகார் கொடுத்த ஆள இப்பத்தான் பாக்குதேன்," என்றார் முப்பிடாதி.

உமா மகேஸ்வரி நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அறுபத்து மூணு 'இல்லை'. எனக்கு அத்தனையும் மனப்பாடம். எழுதணும்னா எழுதிருங்க. சோறு ஆறுது."

'முறையீடு: ஒன்று. முறையிட்டவர்: தேர்தல் அலுவலர்.' என்று எழுதினார். மறுநாளே நான்கு பக்க அறிக்கையோடு மதிப்பூதியம் இரண்டாயிரத்தையும் திருப்பி அனுப்பினார்.

சம்மேளனம் தேர்தலை ரத்து செய்தது. நாக்பூரில் ஒருவர் பொறுப்பில் தபால் ஓட்டு நடந்தது. முப்பிடாதி இரண்டு மாதம் குமரகுருவிடம் பேசவில்லை, ஜெபமலர் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று.

முடிவு கடிதத்தில் வந்தது. ஜெபமலருக்குப் பதினான்கு, ஜோக்ளேகருக்குப் பத்து. ஒரு ஓட்டு இடம் மாறியிருந்தது. யாருக்கோ அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மனசுப்படி போட முடியவில்லை. அந்த ஆள் யார் என்று முப்பிடாதி அன்றே துப்புத் துலக்கத் தொடங்கினார். குமரகுரு கடிதத்தை இரண்டு முறை படித்து, நோட்டில் ஒட்டி, ஓரத்தில் வந்த தேதியைக் குறித்தார். 2023 அக்டோபர் 11, புதன்கிழமை.