அண்ணியின் டி டிரைவ்

நாலு வருடம் இருக்கும். மேற்கு மாம்பலத்தில் அண்ணன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் விஷயம் எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அண்ணியின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டால் பறக்கும் என்று நானாகத்தான் கிளம்பினேன். அண்ணி அப்போது முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார். ஒரு காலத்தில் சினிமாவில் குரூப் டான்ஸ் ஆடிய பெண்களை வடபழனியில் வீடு வீடாகத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்திருந்தார். போனில் இடம் போதாமல் அத்தனை பதிவுகளையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்.

"பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

"எல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு அண்ணி? நான் விண்டோஸ் இருக்கிற சி-யை மட்டும்தான் தொடுவேன்" என்று சிரித்தேன்.

சி போனாலும் டி போகாது என்பது நம் ஊரில் வேதவாக்கு. அதை அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று டிஸ்க்கைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்த புத்திசாலியும் நான்தான்.

லினக்ஸ் திரையில் சி, டி என்ற எழுத்தே கிடையாது. வெறும் எண்கள். இரண்டு பாகமும் ஒரே அளவு. ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்திருக்கலாம். காபியோடு வந்த அண்ணி பக்கத்திலேயே நின்றார். அவர் முன்னால் தடுமாறுவதா என்ற வீம்பில் ஒன்றை அழித்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் விண்டோஸ் பத்திரமாக இருந்தது. டி-யைத்தான் காணோம்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு டிஸ்க்கோடு ஓடினேன். கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது மேலயே இன்ஸ்டால் பண்ணிக்கீறீங்களே சார். போட்டோ ரெண்டு மூணு தேறுது. வாய்ஸ் ஒண்ணியும் தேறல" என்றார்.

அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடியும் வடபழனிக்கு நடையாய் நடந்தார். சிலர் பேசினார்கள், சிலர் அலுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவருடைய மகள், "அம்மா பேசுனதை ரெக்கார்டு பண்ணீங்களே, எனக்கு ஒரு காப்பி தர்றீங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறார். "அழிஞ்சுபோச்சும்மா, என் தப்புதான்" என்றாராம் அண்ணி. கூடப் போயிருந்த அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அண்ணிக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. ஆனால் என் தப்பைத் தன் தப்பாக அவர் ஏற்றுக்கொண்ட அந்த வீட்டு வாசலுக்குப் போய், அந்தக் குரலை அழித்தது நான்தான் என்று சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.