பூட்டிவச்ச ரீடிங் ஹால்

லைப்ரரியில இப்பல்லாம் யாரு படிக்கறாங்கன்னு யாராவது சலிச்சுக்கிட்டா எனக்குப் பத்திக்கினு வரும். நான் படிச்சேன். விழுப்புரத்துல எம்.ஏ. பொருளாதாரம் சேந்ததுலருந்து, கிளாஸ் இருந்தாலும் இல்லாட்டியும், யுனிவர்சிட்டி லைப்ரரி ரீடிங் ஹால்ல ஜன்னலோர மேஜையில உக்காந்து படிச்சிக்கினுதான் இருந்தேன்.

வேற எங்க போறது? திண்டிவனத்துல எங்க வீடு ஒரு ஹாலு, ஒரு சமையக்கட்டு, அவ்ளோதான். அம்மா இட்லி மாவு அரைச்சு விக்கறாங்க. அந்த ஹால்லயே ரெண்டு பெரிய கிரைண்டரு. சாயங்காலம் ரயில்விட்டு எறங்கி நான் வீட்டுக்குள்ள கால் வெக்கறப்போ ரெண்டும் கடகடன்னு ஓடிக்கினு இருக்கும். வாசல்ல தூக்குச்சட்டியோட தெருவே நிக்கும். "ஏம்மா, சும்மாதான உக்காந்துக்கினு இருக்க, எனக்கு ஒரு கிலோ போட்டு அனுப்பு, ஜல்தி"ம்பாங்க. புஸ்தகத்த விரிச்சு வச்சிக்கினு இருந்தா அவங்க கண்ணுக்கு அது சும்மா உக்காந்திருக்கறது.

நெட் பரீட்சை பாஸ் பண்ணிட்டா காலேஜ்ல வாத்தியார் வேலைக்குப் போலாம். ரெண்டாம் வருஷம் முடிஞ்சா லைப்ரரி கார்டும் முடிஞ்சிரும், அதுக்கப்புறம் எனக்கு உக்கார எடம் கிடையாது. அதனால அந்த ஒரு தபா எழுதறதுதான் எனக்கு எல்லாமே.

அங்க வந்தவங்க எல்லாரும் படிக்கத்தான் வந்தாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். போன் சார்ஜ் போட பிளக் இருக்கற மேஜைக்குத்தான் அடிதடி. பஸ்ல துண்டு போடற மாதிரி நாற்காலியில டிபன் பாக்ஸ வச்சு எடம் புடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. மரக்காணத்துப் பக்கமிருந்து முதல் பஸ்ஸு புடிச்சு வர்ற பொண்ணு ஒருத்தி, வந்ததும் மேஜையில தலைய சாச்சான்னா மத்தியானம்தான் எழுந்திருப்பா. கலைக்களஞ்சிய அலமாரிக்குப் பின்னால எப்பவும் ஒரு ஜோடி குசுகுசுன்னு பேசிக்கினு இருக்கும். மேஜைக்கு அடியில மல்லாட்டைத் தோலு, அதான் வேர்க்கடலைத் தோலு, கெடக்கும். இருந்துட்டுப் போகட்டுமே! வீட்ல கெடைக்காத ஏதோ ஒண்ணு அவங்கவங்களுக்கு அங்க கெடைச்சுது. யாரும் யாரையும் இன்னா ஏதுன்னு கேக்கல.

பரீட்சை நெருங்கறப்பதான் கமிட்டி வருதுன்னாங்க. வடக்கேருந்து பெரியவங்க வந்து யுனிவர்சிட்டியப் பாத்து கிரேடு போடுவாங்களாம். மறுநாளே ரீடிங் ஹாலைப் பூட்டிட்டாங்க. சுண்ணாம்பு அடிச்சு, பிளாஸ்டிக் புல்லு விரிச்சு, வாடகைக்குப் பூந்தொட்டி எடுத்தாந்து வச்சு, பஞ்சு மூட்டை மாதிரி குண்டு குண்டா சீட்டுங்க போட்டாங்க. நான் லைப்ரரியன்கிட்ட போய் நின்னேன்.

"சார், பரீட்சை கிட்ட வந்துடுச்சுங்க. ஒரு ஓரமா உக்காந்து படிச்சிட்டுப் போயிடறேங்க."

"மேலேருந்து ஆர்டரும்மா. நீங்கள்லாம் உள்ள வந்தா திரும்ப அழுக்காயிடும். கமிட்டி வந்துட்டுப் போற வரைக்கும் வெளிய எங்கனா படிம்மா."

படிக்கறவங்க வந்தா அழுக்காயிடற லைப்ரரிய நான் அப்பத்தான் பாத்தேன்.

ஜங்ஷன் பிளாட்பாரத்து பெஞ்சுல போய் உக்காந்தேன். சீசன் டிக்கெட் இருந்துது, யாரும் தொரத்த முடியாது. ஆனா ஒரு பொண்ணு எந்த வண்டியிலயும் ஏறாம தனியா உக்காந்திருந்தா வுட்டுடுவாங்களா? "யாருக்கும்மா வெயிட் பண்ற"ன்னு ஒருத்தன் கேட்டுட்டுப் போவான். இன்னொருத்தன் அவ்ளோ பெஞ்சு காலியா இருக்க, என் பக்கத்துலதான் வந்து உக்காருவான். ஒரே பேஜாரு. திருப்பித் திருப்பிப் படிச்சாலும் ஒண்ணும் மண்டையில ஏறல.

கமிட்டி வர்ற அன்னைக்கு எங்க டிபார்ட்மென்ட் தலைவர், ஹெச்.ஓ.டி., என்னை பட்டுப்புடவை கட்டிக்கினு வரச் சொன்னாரு. எங்க பக்கம் யாரு பெரியவங்க வந்தாலும் பொண்ணுங்கதான் வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சு, சந்தனம் கல்கண்டு நீட்டணும். கல்யாண மண்டபமானாலும் அதேதான், யுனிவர்சிட்டியானாலும் அதேதான். லைப்ரரி வாசல்ல பன்னீர்ச்சொம்போட என்னை நிக்க வச்சாங்க. உள்ள, இங்கிலீஷ் நல்லா பேசற பசங்களா பொறுக்கியெடுத்து கோட்டு மாட்டி உக்கார வச்சிருந்தாங்க. என் மேஜையில உக்காந்திருந்தவன் காலையில, "அக்கா, லைப்ரரி எந்தப் பக்கம்"னு என்னையே வழி கேட்டவன்.

கமிட்டியில வந்த மேடம் ஒருத்தங்க என்கிட்ட நின்னு, லைப்ரரிக்கு வருவியான்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுத வரும், அவசரத்துக்குப் பேச மட்டும் நாக்கு பொரளாது. தமிழ்லயே சொன்னேன்: "தினமும் வருவேன் மேடம். உங்களுக்காகத்தான் பூட்டிட்டாங்க. இப்ப ரயில்வே ஸ்டேஷன்ல உக்காந்து படிச்சிக்கினு இருக்கேன்."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துல நின்ன ஹெச்.ஓ.டி. சிரிச்சிக்கினே இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னாரு. தினமும் வருவாளாம், ரயிலுக்குக் காத்துக்கினு இருக்கறப்போகூட நம்ம லைப்ரரி புஸ்தகம்தான் படிப்பாளாம். மேடம் என் கன்னத்தைத் தட்டி, "வெரி குட்"னாங்க. அந்தாளு சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிஞ்சுது. அவங்களுக்குப் பின்னால வந்தவருக்குப் பன்னீர் தெளிச்சேன்.

யுனிவர்சிட்டிக்கு நல்ல கிரேடு கெடைச்சுது, எல்லாருக்கும் லட்டு குடுத்தாங்க. ரீடிங் ஹாலை மட்டும் தொறக்கல. அடுத்து யாராவது பாக்க வருவாங்களாம், அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. நாங்க மாடிப்படிக்கட்டுல உக்காந்துக்கினோம். நான் நெட் எழுதினேன். போச்சு.

டி.சி. வாங்கறதுக்கு முன்னாடி லைப்ரரியில கையெழுத்து வாங்கணும். லைப்ரரியன் பரீட்சை இன்னாம்மா ஆச்சுன்னாரு. பாஸாகலைங்க சார்னு சொன்னேன்.

"போனாப் போவுது, வுடும்மா. நானே உன்ன எத்தினி தபா ஜங்ஷன்ல பாத்தேன். பரீட்சைய வச்சிக்கினு அங்க போய் உக்காந்தா எப்படிம்மா வெளங்கும்? இனிமேலாவது வீட்ல உக்காந்து நிம்மதியா படிச்சு எழுது."

அக்கறையாத்தான் சொன்னாரு அந்த மனுஷன். சரிங்க சார்னு சொல்லி, கார்ட மேஜை மேல வச்சிட்டு வந்துட்டேன்.