பதிவாளர் வரட்டும் என்றேன்

வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. விழுப்புரம் பதிவு அலுவலகத்தில் இதை ஊருக்கே சொல்லி ஓய்வு பெற்றவன் நான்.

திண்டிவனத்தில் படுக்கையில் கிடந்த அக்கா, தன்னைக் கவனித்துக்கொண்ட பிள்ளையில்லாத விதவை மருமகள் செல்விக்கு வீட்டை எழுதிவைக்க நினைத்தாள்.

“ஏன்டா இழுத்துக்கினு? பேப்பர்ல எழுது, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“நாளைக்கு உம் பொண்ணு கேஸ் போட்டா பேஜாரு, அக்கா. பதிவாளரே வீட்டுக்கு வருவாரு, மனு குடுத்துட்டேன்.”

“அதுக்குள்ள எமன் வந்துடுவான்டா” என்று சிரித்தாள்.

எமனுக்கு மனு தேவைப்படவில்லை. உயில் இல்லாததால், எட்டிப் பார்க்காத மகளுக்கே வீடு என்றானது. செல்வி எனக்குக் காபி கொடுத்துவிட்டுத் தன் துணிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். சட்டம் தெரிந்தவனாக இல்லாமல், வெறும் தம்பியாக அன்று பேனாவை எடுத்திருக்கலாம்.

பதிவாளர் வரும் நாளைத் தெரிவிக்கும் பதில், அக்காவின் கருமாதியன்று வந்தது.