முதல் டேபிள்காரரின் தோள்பட்டை

வெள்ளியங்கிரிக்கு யாரையும் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். பிடிக்கும். மதிப்புத்தான் கிடையாது. டெய்லர்கள் உட்கார்ந்தே பிழைக்கிறவர்கள். கட்டிங் மாஸ்டர் நல்ல துணியைத் துண்டு போடுகிறவர். செக்கிங்கில் இருக்கிற பெண்கள் நூல் பொறுக்கிகள். அதில் அவருடைய சம்சாரம் மருதம்மாளும் சேர்த்தி. பனியன் பனியனாவது அயர்ன் டேபிளில்தான், அதிலும் முதல் டேபிளில்தான் என்று பதினாறு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் டேபிள் அவருடையது.

கரி போட்ட இஸ்திரிப் பெட்டி ஏழெட்டுக் கிலோ இருக்கும். நாளெல்லாம் அதைத் தள்ளி, இழுத்து, தூக்கி ஓரமாக வைத்து, மறுபடி எடுக்க வேண்டும். ஆண்டவன் கொடுத்த தோள் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தொண்ணூற்றொன்றாம் வருசம் ஆடி மாசத்தில் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. சட்டைக்குள் கை நுழையவில்லை. சிவன்மலையில் முருகனுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். இடது கை போனது, வலது கை காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் பார்த்துவிட்டார். "என்னத்தைப் பாக்கறீங்க, சாமியைப் பாருங்க" என்றார் வெள்ளியங்கிரி.

ஊத்துக்குளி நெய்யைக் காய்ச்சித் தேய்த்தார். கட்டுப் போட்டார். ஊசியும் போட்டுக்கொண்டார். நாலு நாள் நன்றாக இருக்கும், அஞ்சாம் நாள் பழையபடி ஆகிவிடும். அயர்ன் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த சலாவுதீன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்ணா, ஆயுத பூசை வரைக்கும் தங்கவேலு உங்க டேபிள்ல நிக்கட்டும். நீங்க பேக்கிங்ல இருங்க. பூசைக்குள்ள கையைச் சரி பண்ணிட்டு வந்தீங்கன்னா டேபிள் உங்களுது. இல்லீன்னா அவனுக்கே விட்டுருவேன். வருத்தப்படக் கூடாது."

தங்கவேலு ரெண்டாவது டேபிளில் நின்ற பொங்கலூர்ப் பையன். மூன்றே வருச அனுபவம். வெள்ளியங்கிரி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுகூட இல்லை, "டேய் ரெண்டாவது" என்றுதான் கூப்பிடுவார்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிளினிக் வந்திருந்தது. அங்கே பத்ருன்னிசா என்ற பெண் உடற்பயிற்சி வைத்தியம் பார்த்தாள். சலாவுதீன்தான் அனுப்பிவைத்தார். அவள் வெள்ளியங்கிரியின் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எலும்புல ஒண்ணுமில்லீங்கய்யா. தோளைத் தூக்கற சதை எலும்போட ஒட்டற இடத்துல நாண் ஒண்ணு இருக்குது. அது நொந்து போயிருக்குது. நெய்யெல்லாம் தோலோட நின்னுக்கும். நாணுக்குக் கொஞ்சங் கொஞ்சமா வேலை குடுத்துத்தான் தேத்தோணும்."

"வேலை செஞ்சு வந்த வலிக்கு வேலையே மருந்தா அம்மிணி?"

"அளவா செஞ்சா மருந்துதானுங்க. ஜட்டி இடுப்புக்கு வெக்கற எலாஸ்டிக் உங்க கம்பெனியிலயே கிடைக்குமே? ரெண்டு முழம் வாங்கி ஜன்னல் கம்பியில கட்டுங்க. முழங்கையை விலாவோட ஒட்டிக்குங்க, நடுவால ஒரு பனியனை மடிச்சு வெச்சுக்குங்க. பனியன் கீழ உழுகாம, எலாஸ்டிக் நுனியைப் பிடிச்சு மூணு எண்ணி வெளிப்பக்கமா இழுங்க, மூணு எண்ணி விடுங்க. காலையில பத்து, சாயங்காலம் பத்து. மூணு மாசம் பிடிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

மறுநாள் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அதை நடித்துக் காட்டினார். கக்கத்தில் பனியனைச் செருகிக்கொண்டு, குரலை மெலிசாக்கி, "மூணு எண்ணுங்கய்யா, அவ்வளவுதானுங்கய்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஜட்டி நாடாவை இழுத்துப் பயில்வான் ஆகப் போறேன். இதுக்குப் படிச்சுப் பட்டம் வேற வாங்கியிருக்குது அந்தப் புள்ளை."

தினமும் பத்தும் பத்தும் செய்வது அவருக்கு வேலையாகவே படவில்லை. திருப்பூர்க்காரருக்கு வேலை என்றால் அது சிப்ட். ஆறு நாள் துணி வராமல் கிடந்தாலும் கப்பலுக்கு நாள் குறித்துவிட்டால் ரெண்டே நாளில் முடித்துக் கண்டெய்னரில் ஏற்றுகிறவர்கள் அல்லவா? அவரும் கணக்குப் போட்டார். வாரத்துக்கு நூற்று நாற்பது. அதை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிட்டால் ஆறு நாள் நிம்மதி.

முதல் ஞாயிறு நூற்று நாற்பது இழுத்தார். திங்கட்கிழமை தோள் கணகணவென்றது. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு, வலி போகவில்லையே என்று, ஒன்றரை சிப்ட்டாகச் செய்தார். இருநூற்றுப் பத்து! மூணு எண்ணுவதெல்லாம் எங்கே? மோட்டார் பெல்ட் மாதிரி எலாஸ்டிக் போய்ப்போய் வந்தது. மடித்து வைத்த பனியன் எப்போதோ கீழே விழுந்துவிட்டது.

"ஏனுங்க, அந்தப் புள்ளை தெனமும் செய்யச் சொன்னதா இல்லீங்களா சொன்னீங்க?" என்றாள் மருதம்மாள், குழம்பைக் கிண்டிக்கொண்டே.

"நூல் பொறுக்கறவளுக்கு வைத்தியம் தெரியுமாக்கும்."

மறுநாள் அவரால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. நேராகக் கிளினிக்குக்குப் போய்ச் சத்தம் போட்டார். பத்ருன்னிசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை தடவை செஞ்சீங்க?" என்றாள். சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவைத்தாள். "ஒரு வாரத்துச் சோத்தை ஞாயித்துக்கெழமையே தின்னுட்டு ஆறு நாள் பட்டினி கிடப்பீங்களாய்யா?"

"கண்டெய்னருக்கு நாங்க அப்படித்தான் அம்மிணி செய்யறோம்."

"உங்க தோள் கண்டெய்னர் இல்லீங்க. ஒரு வாரம் சும்மா இருங்க. அப்பறம் அஞ்சு தடவையிலிருந்து ஆரம்பிங்க. பத்துன்னு சொன்னேன், அதுக்கும் லாயக்கில்லாமப் பண்ணிக்கிட்டீங்க."

பதினாறு வருசத்தில் அவரை லாயக்கில்லை என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இருபத்தஞ்சு வயசுகூட ஆகியிருக்காது அந்தப் பெண்ணுக்கு.

அதற்குப் பிறகு செய்தார். நல்ல புத்தி வந்து செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். புத்தியெல்லாம் வரவில்லை. தன் டேபிளில் தங்கவேலு நிற்கிறதைப் பேக்கிங்கிலிருந்து தினமும் பார்த்தார், அதனால் செய்தார். சாயங்கால டீ நேரத்தில் ஜன்னல் கம்பியில் எலாஸ்டிக்கைக் கட்டுவார். செக்கிங் பெண்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவார்கள்.

"அயர்ன் மாஸ்டரே, பனியன் உழுந்துருச்சுங்கோ, இது கணக்கில்ல!"

மருதம்மாள் குனிந்து எடுத்து, மறுபடி அவர் கக்கத்தில் செருகுவாள். அப்போது அவள் முகம் போகிற போக்குக்கு நாலு வார்த்தை வைதிருந்தாலே தேவலை.

அஞ்சு எட்டாயிற்று, எட்டு பத்தாயிற்று. பத்ருன்னிசா எலாஸ்டிக்கை இரட்டையாக மடித்துக் கட்டச் சொன்னாள். புரட்டாசிக் கடைசியில் சட்டை தானாக மாட்ட வந்தது. முருகன் கண்ணைத் திறந்தான் என்றார். அந்தப் பெண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சலாவுதீன் பெட்டியில் கரி போட்டுக் கொடுத்தார். "அண்ணா, அம்பது பீஸ் போடுங்க பாக்கலாம்."

முப்பது பீஸ் வரைக்கும் பழைய வெள்ளியங்கிரிதான். பெட்டி துணிமேல் தண்ணீர் மாதிரி ஓடியது. முப்பத்தஞ்சில் கை கனத்தது. பழைய குத்துவலி இல்லை, வெறும் அசதி. நாற்பத்திரண்டில் பெட்டியை வைத்துவிட்டார்.

"கை வந்துருச்சுங்ணா, சந்தோசம்" என்றார் சலாவுதீன். "ஆனா இன்னும் தெம்பு வரலை. ஒரு மாசம் முந்தி ஆரம்பிச்சிருந்தா வந்திருக்கும். மொத டேபிள் தங்கவேலுக்கு. நீங்க ஆறாவதுல மதியம் வரைக்கும் நில்லுங்க. மத்ததைப் பொறவு பாக்கலாம்."

வெள்ளியங்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மொத டேபிளை இப்ப யாரு கேட்டா? அங்க காத்தே வர்றதில்ல. நானே விட்டுக் குடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"மூணு வாரத்தை ஞாயித்துக்கெழமையில கொண்டுபோய்க் கொட்டிட்டு, இப்பக் காத்தைச் சொல்லறாரு பாருங்க" என்றாள் மருதம்மாள். முழு கம்பெனிக்கும் கேட்டது.

பூசை முடிந்து வேலை துவங்கியது. புது ஆர்டர், காலர் வைத்த பனியன், புது மடிப்பு. தங்கவேலு முதல் பீசை மடித்து, எல்லா டேபிளுக்கும் காட்டிக்கொண்டே வந்தான். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் மடிக்க வேண்டும். ஆறாவது டேபிளுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினான். "அண்ணா, கை இங்க வருதுங்க, காலர் இப்படி..."

"காட்டு" என்றார் வெள்ளியங்கிரி.

அவன் இன்னொரு தடவை மடித்துக் காட்டினான். அவர் பெட்டியை எடுத்தார்.