படிக்க ஓர் ஆள்

மூலை சீட்டு அக்கா என்றால்தான் அந்த அலுவலகத்தில் தெரியும். மருந்துக் கிடங்குக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவள். பதினோரு வருடமாக ஒண்டி ஆள். சண்டைக்காரி என்று பெயர் வேறு. சண்டை போடக்கூடப் பக்கத்தில் ஆள் கிடையாது, பாவம்.

நிரலில் சில இடங்களில் என்ன வந்து உட்காரும் என்று முன்கூட்டித் தெரியாது. மாத்திரையாக இருக்கலாம், ஊசியாக இருக்கலாம். வரப்போகிற அந்த வகைக்கு இப்போதைக்கு ஒரு பெயர் போட்டு வைப்பார்கள். அக்கா டி, யு, வி என்று ஒற்றை இங்கிலீஷ் எழுத்தாகவே போட்டுத் தள்ளியிருந்தாள். அவளைத் தவிர எந்தப் புண்ணியவான் படிக்கப் போகிறான்?

ஒரு நாள் மேனேஜர் வந்தார். "அடுத்த வாரத்துல இருந்து நீங்க எழுதறத இன்னொருத்தர் படிச்சுப் பாத்து ஓகே பண்ணுவார். வேற கிளையில இருக்கார்."

"முழுசா படிப்பாரா சார்?"

"அதுக்குத்தானே அவருக்குச் சம்பளம்!"

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாரம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தையும் பெயராக மாற்றினாள்: அனுப்பும் மருந்து, பெறும் மருத்துவமனை, திரும்பி வந்த பெட்டி. வெறும் 'பெட்டி' என்று போட்டால் அவர் குழம்புவாரே என்று யோசித்து யோசித்து மத்தியானச் சாப்பாட்டை ஆறவிட்டாள். முகம் தெரியாத மனிதருக்கு இத்தனை கரிசனம்! வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரிதான்.

நாற்பத்தாறு கோப்புகள் போயின. இரண்டே நிமிடத்தில் பதில்: "சூப்பர் மேடம். ஓகே."

இரண்டு நிமிடத்தில் கோப்புகளின் தலைப்பைக்கூடப் படித்து முடிக்க முடியாது. மறுநாள் அனுப்பிய கோப்பில், மருந்து வகைக்கு 'யாராவதுபடிக்கிறீங்களா' என்று பெயர் வைத்தாள். எந்தப் பெயர் வைத்தாலும் கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. மனுஷன் திறப்பான் என்று நம்பினாள்.

"சூப்பர் மேடம். ஓகே."

போனிலேயே கூப்பிட்டுவிட்டாள். "சார், இன்னிக்கு அனுப்பினத முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேனே மேடம். பேரெல்லாம் ரொம்பத் தெளிவா இருக்கு."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்ன பிறகு படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அந்தக் கோப்பு கிடங்கில் ஓட ஆரம்பித்தது. அக்கா வீட்டுக்குப் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை மருந்தும் 'யாராவதுபடிக்கிறீங்களா' என்ற அந்தக் கேள்வியின் வழியாகவே மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பிழையும் வரவில்லை. வந்திருந்தாலாவது யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.