நனைந்த வயிறு

எங்கள் வீடு சிங்கவரத்தில், கடலைக் கொல்லையை ஒட்டி இருக்கிறது. சித்திரையில், கடலை பிடுங்கிய வெறும் தரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. யார் அந்தப் பக்கம் போனாலும் தலைக்கு மேல் பறந்து கத்தும். அதே வாரம் என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

“புள்ளைய தூக்கினு கொல்லப்பக்கம் போனல்ல? அது தலைக்கு மேல கத்தனதுதான் இது. படிச்சி இன்னா பிரயோஜனம்?” என்றார் மாமியார்.

“செஞ்சி டாக்டர் மருந்து குடுத்திருக்காரு, அத்த.”

“குடுத்தும் எறங்கலியே! போய் அந்த முட்டைய ஒடச்சிட்டு வா. அப்பறம் புள்ளைக்கு எதனா ஆச்சின்னா என்ன கேக்காத.”

நான் அதை நம்பவில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு நம்பாமல் இருக்கவும் தைரியம் வரவில்லை. உச்சி வெயிலில் கல்லோடு போனேன்.

குருவி பம்புசெட் வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கத்திக்கொண்டு முகத்துக்கு நேராகப் பாய்ந்தது. பயந்து வேப்ப மரத்தடிக்குப் பின்வாங்கினேன். அது உடனே ஓடிவந்து, ஈர வயிற்றோடு, கொதிக்கும் தரையிலிருந்த முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

காலை முழுக்க என் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவள் நான். கல்லைக் கீழே போட்டேன்.

வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டதும் மாமியார் கேட்டார், “ஒடச்சியா?”

“ஒடச்சிட்டேன், அத்த.”

சொல்லி முடிப்பதற்குள் கொல்லையில் அது கத்தியது. மாமியார் குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. இறங்காமல் இருந்திருந்தால் அந்தக் கல்லை மறுபடி எடுத்திருப்பேனா? மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.